ஊடறுத்துப் போன வாய்க்கால்

1808ஆம் ஆண்டு தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஒரு பெட்டியைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். உள்ளே இருந்தது தியோடலைட், கோணம் அளக்கிற கருவி. அதன் வட்டத்தின் விட்டம் மட்டும் மூன்றடி. மொத்த எடை ஏறக்குறைய அரை டன். லண்டனில் வில்லியம் கேரி செய்தது. கப்பலில் வரும்போது பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய், பிறகு பெருந்தன்மையாகச் சென்னைக்கே அனுப்பிவைத்தார்கள். போரில் தப்பிய கருவி தஞ்சாவூரில் தப்பவில்லை. கயிறு அறுந்தது. பெட்டி ஆடிப்போய்க் கோயில் சுவரில் மோதியது. உள்ளே வட்டம் நெளிந்துவிட்டது.

அந்தக் கருவியோடு ஊர் ஊராக அலைந்தவர் வில்லியம் லாம்டன். 1802இல் பரங்கிமலைப் பக்கத்தில் ஒரு நேர்கோட்டை அளந்து, அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாகத் தென்னிந்தியாவை அளந்துகொண்டு வந்தவர். இந்த முறைக்கு ஒரு முனையில் நின்றால் அடுத்த முனை கண்ணுக்குத் தெரிய வேண்டும். மற்ற ஊர்களில் அதற்கு மலை இருந்தது. எங்கள் ஊரில் ஏது மலை? கல்லணைக்குக் கிழக்கே கடல்வரைக்கும் தரை தட்டையாகக் கிடக்கிறது. அதன்மேல் தென்னையும் பனையும் மூங்கிலும். மரத்தை மீறிப் பார்க்க வேண்டுமென்றால் கோயில் கோபுரம்தான் வழி.

லாம்டன் நெளிந்த கருவியைத் திருச்சிக்குக் கொண்டுபோனார். ஆறு வாரம். ஆப்பு, திருகு, கப்பி எல்லாம் வைத்து வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு அதே கருவியை வைத்து அளவையைத் தொடர்ந்தார். இந்த அளவைத் துறையில் கோணங்களை வைத்துக் கணக்குப் போடத் தனி ஆட்கள் இருந்தார்கள். அந்த வேலைக்கே பெயர் ‘கம்ப்யூட்டர்’. பின்னாளில் எவரெஸ்ட்டின் உயரத்தைக் கணக்கிட்ட ராதாநாத் சிக்தார் 1831இல் போய்ச் சேர்ந்தது அந்த வேலைக்குத்தான்.

நான் தஞ்சாவூரில் ஆர்க்கிடெக்ட். ஊரில் பாதிப் பேருக்கு நான் ‘இன்ஜினியர் தம்பி’தான், திருத்துவதை விட்டுப் பல வருடம் ஆகிறது. என்னிடம் தியோடலைட் இல்லை. ஒரு மடிக்கணினி, அதில் ஆட்டோகேட், ரைனோ, ரைனோவுக்குள் கிராஸ்ஹாப்பர், இலவசமாகக் கிடைக்கிற கியூஜிஐஎஸ். கோடு போடுவது, மேடு பள்ளம் பார்ப்பது, எது எங்கே வரலாம் என்று கணக்குப் பார்ப்பது எல்லாம் ஒரே திரையில் முடிந்துவிடும். லாம்டனின் கதையை நான் பல பேரிடம் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன். என் கயிறு அறுந்த கதையைச் சொன்னதில்லை.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு புரமோட்டர் வந்தார். வெண்ணாற்றுக்குத் தெற்கே ஓர் ஊர், பெயர் வேண்டாம். நான்கு ஏக்கர் இருபது சென்ட் நஞ்சை. மனைப்பிரிவாக்க வேண்டும். முதலில் பென்சிலில் போட்டுப் பார்த்தேன்: 88 மனை. அப்புறம் ஆசை வந்து கிராஸ்ஹாப்பரில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். எல்லைக்கோட்டைக் கொடு, சாலை அகலத்தைக் கொடு, பூங்காவுக்கு விட வேண்டிய பத்து சதவீதத்தைக் கொடு, மனைக்கு 1200 சதுர அடி என்று சொல்லிவிடு. மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். புரமோட்டருக்கு மனையடி சாஸ்திரம் முக்கியம் என்பதால் அதையும் சேர்த்தேன். மயமதம் போன்ற சிற்ப நூல்களில் வருகிற ஆயாதிக் கணக்கு உண்மையில் ஸ்கிரிப்டுக்கு ரொம்பத் தோதானது. சுற்றளவை ஓர் எண்ணால் பெருக்கு, இன்னோர் எண்ணால் வகு, ஈவைத் தூக்கிப் போட்டுவிட்டு மீதியை மட்டும் வைத்துக்கொள். யோனிக்கு 3ஆல் பெருக்கி 8ஆல் வகுக்க வேண்டும். மீதி ஒற்றைப்படையாக வந்தால் நல்லது. மூன்று வரி நிரல். ஸ்தபதிகள் மனப்பாடமாக வைத்திருந்ததை அன்று ராத்திரி என் கணினி ஆயிரக்கணக்கான தடவை சொல்லிப் பார்த்தது. சாலையை இப்படித் திருப்பி அப்படித் திருப்பி, காலையில் ஒரு வரைபடத்தை நீட்டியது. 94 மனை.

புரமோட்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஆறு மனை தம்பி! சும்மா வந்திருக்கு ஆறு மனை!”

அதற்கும் முன்னால், நிலத்தை அளக்கப் போன அன்று, பக்கத்து வயலில் களை பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா வரப்பேறி வந்து நின்றார். எழுபது வயது இருக்கும். தெற்கே காலனியில் வீடு.

“ஏந்தம்பி, இதத் தூத்துட்டா மேல்வயத் தண்ணி எங்க போவும்?”

“ரோட்டோரம் வடிகால் வருதும்மா.”

“அது ஒங்க தண்ணிக்கு. நான் கேக்குறது மேலேருந்து வர்ற தண்ணிய.”

“அதெல்லாம் கணக்குல இருக்கும்மா” என்றேன்.

இல்லை. அவர் கேட்டது என் கணக்கில் இல்லவே இல்லை. டெல்டாவில் எல்லா வயலுக்கும் வாய்க்கால் கிடையாது. பல இடங்களில் தண்ணீர் ஒரு வயலில் நிறைந்து, வரப்பில் வெட்டிய மடை வழியாக அடுத்த வயலுக்குப் போகும், அங்கிருந்து அதற்கடுத்ததுக்கு. பாசனமும் அப்படித்தான், மழைக்காலத்தில் வடிவதும் அப்படித்தான். புலப்படத்தில் அதைத் தேடினால் கிடைக்காது. ஏனென்றால் அது கோடே இல்லை. இரண்டு வயல்காரர்களுக்கு நடுவே இருக்கிற ஓர் ஏற்பாடு. அரசாங்கப் படத்தில் வாய்க்கால் புறம்போக்கு என்று ஒரு துண்டு இருந்திருந்தால் நானும் அதைத் தொட்டிருக்க மாட்டேன். விதிப்படி எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

மேடு பள்ளத்துக்கு நான் நம்பியது செயற்கைக்கோள் உயரத் தரவு. 2000ஆம் ஆண்டு அமெரிக்க விண்கலம் ஒன்றிலிருந்து ரேடார் மூலம் உலகத்தின் பெரும்பகுதியை அளந்தார்கள். எஸ்ஆர்டிஎம் என்று பெயர், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். முப்பது மீட்டருக்கு ஒரு புள்ளி. உயரம் முழு மீட்டரில்தான் இருக்கும். அதிலும் சில மீட்டர் முன்னே பின்னே இருக்கலாம். மலைநாட்டுக்கு அது போதும். ஓர் அடி வரப்பு தண்ணீரின் தலைவிதியைத் தீர்மானிக்கிற ஊருக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இதில் இன்னொரு கொடுமை, அந்த ரேடாருக்கு அடர்ந்த மரத்துக்கும் தரைக்கும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. தென்னந்தோப்பு மேடாகத் தெரியும். லாம்டனை மறைத்த அதே தென்னை.

நிலத்தில் கிராவல் அடித்து இரண்டரை அடி உயர்த்தினார்கள். நவம்பர் மாதம் மழை பிடித்தது. மேல்வயல் தண்ணீர் வழக்கமாக வந்த இடத்தில் மண்மேடு இருந்ததால் கொஞ்ச நேரம் நின்றது, அப்புறம் மேட்டை ஒட்டித் தெற்கே திரும்பியது. காலனித் தெருவில் முழங்கால் அளவு, நான்கு நாள். என் வரைபடத்தில் அந்தக் காலனி இல்லை. எல்லைக்கோட்டுக்கு வெளியே ஆட்டோகேட் திரை வெறும் கறுப்பு.

*

அந்த மழைக்கு அப்புறம்தான் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் படிக்க ஆரம்பித்தேன். கல்லூரியில் படித்தபோது அந்தக் கோயில் எங்களுக்கு ஒரு மாடல், அவ்வளவுதான். ஏறக்குறைய அறுபது மீட்டர் விமானத்தை முப்பரிமாணத்தில் எழுப்பி, உச்சிக் கல்லை சாரப்பள்ளத்திலிருந்து சாய்தளத்தில் ஏற்றுவதாக அனிமேஷன் செய்து கைதட்டு வாங்கினோம். எண்பது டன் ஒற்றைக்கல். சாய்தளத்தின் கோணம், யானைகளின் எண்ணிக்கை, உராய்வு எல்லாம் துல்லியமாகக் கணக்கிட்டோம். உச்சிப் பகுதி ஒரே கல் அல்ல, பல துண்டுகளைச் சேர்த்தது என்று ஆய்வாளர்கள் எப்போதோ எழுதிவிட்டார்கள். நாங்கள் படிக்கவில்லை. எண்பது டன் என்று கொடுத்தால் கணினி எண்பது டன்னுக்குக் கணக்குப் போடும். அதற்கு வேறென்ன தெரியும்?

கல்வெட்டு வேறு மாதிரி இருந்தது. ராஜராஜனின் 25ஆம் ஆட்சியாண்டு 275ஆம் நாள், அதாவது 1010இல், விமானத்தின் மேல் வைக்கச் செப்புக் குடம் கொடுத்தது. யார் எவ்வளவு பொன் கொடுத்தார்கள். கட்டிய தச்சர்களில் வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்று ஒரு பெயர். இதெல்லாம் சுற்றுலா வழிகாட்டிகளும் சொல்வது. என்னைப் பிடித்து நிறுத்தியது நிலக் கணக்கு.

கோயிலுக்கு நெல் கொடுக்க வேண்டிய ஊர்களின் பட்டியல் அது. ஒவ்வோர் ஊருக்கும் முதலில் மொத்த நிலம். அதற்கப்புறம் கழிவு: ஊர் நத்தம், கோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துப் போன வாய்க்கால்கள், பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு. இவையெல்லாம் இறையிலி, வரி இல்லாதவை. மொத்தத்தில் இவற்றைக் கழித்த பிறகு மிஞ்சுகிற நிலத்துக்கு இவ்வளவு நெல், ஆடவல்லான் என்ற மரக்காலால் அளந்து. அடுத்த ஊர். மறுபடி மொத்தம், கழிவு, மீதி. அதற்கடுத்த ஊர். படிக்கப் படிக்க எனக்குப் பழகிய ஏதோ ஒன்று மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துதான் புரிந்தது. நான் தினமும் செய்கிற வேலை இது. ஜிஐஎஸ்ஸில் ஊரின் எல்லையை எடுத்து, நீர்நிலை லேயரைக் கழித்து, சாலை லேயரைக் கழித்து, குடியிருப்பைக் கழித்து, மிச்சத்தில் என்ன கட்டலாம் என்று பார்ப்பேன். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் லேயர்களைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள்.

இன்னொரு கல்வெட்டு இன்னும் அதிசயம். பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவரப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரை எங்கெங்கே குடிவைத்தார்கள் என்ற பட்டியல். தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு. அங்கே இன்ன ஊர்க் கோயிலிலிருந்து வந்த இன்ன பெண். அடுத்து இரண்டாம் வீடு. மூன்றாம் வீடு. சிறகு என்றால் தெருவின் ஒரு பக்கத்து வரிசை. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு நூறு கலம் நெல். படமே இல்லாத தெரு வரைபடம். இதை அப்படியே ஒரு எக்ஸெல் தாளில் ஏற்றினால் நானூறு வரிசையும் பிசகில்லாமல் உட்காரும். ஓரிரு ராத்திரி ஏற்றியும் பார்த்தேன். அந்தப் பெண்களில் யாராவது அங்கே வர விரும்பினார்களா என்பதற்குப் பட்டியலில் நெடுவரிசை கிடையாது.

ராஜராஜன் காலத்து நில அளவையில் எவ்வளவு சின்னத் துண்டுவரை கணக்கு வைத்தார்கள் என்பது தமிழர் பெருமை பேசும் வாட்ஸப் தகவல்களில் அடிக்கடி வரும். வாட்ஸப்பில் வந்தாலும் இது உண்மைதான். ஒரு வேலியில் 52,428,800,000இல் ஒரு பங்கு. எண்ணைப் பிரித்துப் பார்த்தால் அது எப்படி வந்தது என்று தெரிகிறது. முந்திரி என்றால் 320இல் ஒன்று. ‘கீழ்’ என்று சொன்னால் மறுபடியும் 320இல் ஒன்று. நான்கு 320களைப் பெருக்கி, அதை 5ஆல் பெருக்கினால் இந்த எண் வந்துவிடும். சரி, நிலத்தில் அது எவ்வளவு? இன்றைய டெல்டா வழக்கில் ஒரு வேலி இருபது மா, ஆறே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. அதை அந்த எண்ணால் வகுத்தால் ஏறக்குறைய அரை சதுர மில்லிமீட்டர். ஒரு நெல்மணி படுத்தால் இதைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும்.

எந்தக் கோலாலும் இதை அளந்திருக்க முடியாது. யாரும் வயலில் இறங்கி அரை மில்லிமீட்டரைப் பிடித்திருக்க மாட்டார்கள். இது நிலத்திலிருந்து வந்த எண் இல்லை, ஓலையிலிருந்து வந்த எண். நீளத்தையும் அகலத்தையும் பின்னத்தில் எடுத்து, பெருக்கி, பங்கு போட்டு, கழித்து, தரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டே போனால் பின்னம் தானாகக் குட்டி போடும். கணக்கன் நேர்மையானவன், எதையும் முழுமைப்படுத்தித் தள்ளவில்லை, வந்ததை வந்தபடி எழுதிவிட்டான் என்று நான் நினைக்கிறேன். என் மடிக்கணினியும் அப்படித்தான். அந்த நான்கு ஏக்கரின் பரப்பை எட்டு தசம இடம்வரை சொன்னது. அந்த எட்டு இலக்கத்தைப் பார்த்துத்தான் நிலத்தைத் தெரிந்துகொண்டதாக நினைத்தேன்.

ஆனால் கழிவுப் பட்டியலைப் பற்றி அவ்வளவு சுலபமாகப் பேச முடியவில்லை. ஊடறுத்துப் போன வாய்க்கால் என்று எழுதிவைத்த கை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. வாய்க்கால் நிலத்தின் ஓரத்தில் போவதில்லை, நடுவில் அறுத்துக்கொண்டு போகிறது; அந்த இடத்தை நிலமாக எண்ணாதே என்று கல்லில் வெட்டியவன் என்னைவிட நல்ல ஆர்க்கிடெக்ட். அதே கைதான் அடுத்த சொல்லாகப் பறைச்சேரி என்று எழுதுகிறது. வேறு சில ஊர்களின் கணக்கில் தீண்டாச்சேரி என்றே வருகிறது. தண்ணீர் போகிற வழி எப்படி நிலத்தின் இயல்போ, அப்படித்தான் இதுவும் என்பதுபோல. தனியே கழித்து, தனியே பெயரிட்டு. அன்றைக்கு அந்தச் சொல் கணக்கிலாவது இருந்தது, என் படத்தில் கறுப்பு என்று முதலில் ஒரு நினைப்பு வந்தது. இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றை நல்லது என்று சொல்வதற்கு வெட்கமாக இருந்ததால் அதை விட்டுவிட்டேன்.

*

தண்ணீரையும் தீண்டாமையையும் ஒரே பட்டியலில் இன்னொருவர் எழுதிப் படித்திருக்கிறேனே என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அலமாரியில் தேடி எடுத்தேன். கிறிஸ்டோபர் அலெக்ஸாண்டர், 1964இல் வெளியான ‘நோட்ஸ் ஆன் தி சிந்தசிஸ் ஆஃப் ஃபார்ம்’. மென்பொருள் துறையில் இருக்கிறவர்களுக்கு இவர் பெயர் தெரிந்திருக்கலாம். ‘டிசைன் பேட்டர்ன்’ என்று உங்கள் நேர்காணல்களில் கேட்டு உயிரை எடுக்கிறார்களே, அந்தச் சொல்லின் மூலம் இவருடைய பிந்தைய புத்தகங்கள்தான். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்துவிட்டு ஹார்வர்டில் கட்டடக்கலை ஆய்வுக்கு வந்தவர். கட்டடக்கலையில் கணினியைப் பயன்படுத்திய முதல் தலைமுறை. அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் நியூயார்க் அல்ல, குஜராத்தில் பாவ்ரா என்ற கிராமம். அங்கே போய்ச் சில மாதங்கள் தங்கினார். அறுநூறு பேர் வாழ்கிற ஒரு விவசாயக் கிராமத்தை எப்படித் திருத்தி அமைப்பது என்பது கேள்வி.

அவர் கிராமத்தின் தேவைகளை 141 ஆகப் பட்டியலிட்டார். வீட்டு வாசல் தெற்குப் பார்க்கக் கூடாது, சில நீர்நிலைகளும் சில மரங்களும் புனிதம், பிணத்தை முறையாக அகற்ற வேண்டும், கோயில் வேண்டும் என்று போகும் பட்டியல். அதில் முதலாவது எண் என்ன தெரியுமா? ஹரிஜனங்கள் தீண்டத்தகாதவர்களாகக் கருதப்படுகிறார்கள் என்பது. கல்லூரியில் படித்தபோது இந்த வரியை எப்படிக் கடந்து போனேன் என்று இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. பரீட்சைக்கு 141 என்ற எண் மட்டும் போதுமானதாக இருந்தது.

பிறகு எந்தத் தேவை எந்தத் தேவையோடு சம்பந்தப்படுகிறது என்று குறித்தார். 141 தேவைகள் என்றால் 9,870 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடிக்கும் உண்டு, இல்லை. அதைக் கணினியில் கொடுத்தார். எம்ஐடியில் மார்வின் மன்ஹெய்மோடு சேர்ந்து எழுதிய நிரல், ஐபிஎம் இயந்திரம். அது 141ஐ நான்கு பெரும் கூட்டமாகவும், அவற்றைப் பன்னிரண்டு சிறு கூட்டமாகவும் வெட்டித் தந்தது. ஒவ்வொரு சிறு கூட்டத்துக்கும் ஒரு படம், படங்களைச் சேர்த்தால் கிராமம். வேரிலிருந்து கிளை, கிளையிலிருந்து கிளை என்று சுத்தமான மரம்.

நாங்கள் வியந்தது அந்த வெட்டைத்தான். இப்போது படித்தால் வேலை முழுக்க அந்த 9,870 உண்டு-இல்லைகளில் இருக்கிறது. அதைக் கணினி சொல்லவில்லை. பாவ்ராவின் மக்களும் சொல்லவில்லை. அலெக்ஸாண்டர் உட்கார்ந்து தீர்மானித்தது. ஒன்றாம் எண்ணைப் பற்றி அந்த ‘ஹரிஜனங்க’ளிடம் தேவை என்னவென்று கேட்டிருந்தால் அவர்கள் வேறொரு வாக்கியத்தைச் சொல்லியிருப்பார்கள், கட்டாயம். அந்த வாக்கியம் வேறு ஜோடிகளோடு சேர்ந்திருக்கும், கிராமம் வேறு இடத்தில் வெட்டுப்பட்டிருக்கும்.

அலெக்ஸாண்டரைக் குறை சொல்வது இதில் நியாயமில்லை, அவரே தன்னைக் குறை சொல்லிக்கொண்டார். 1965இல், அடுத்த வருடமே, நகரம் ஒரு மரம் அல்ல என்று கட்டுரை எழுதினார். தானாக வளர்ந்த ஊரில் ஒரே இடம் பல கூட்டங்களில் ஒரே நேரத்தில் சேர்ந்திருக்கும், திட்டமிடுகிறவர்களின் தலைக்குள் மட்டும்தான் அது கிளை கிளையாகப் பிரிந்து நிற்கும் என்பது அதன் சாரம். 1971 பதிப்பின் முன்னுரையில் வடிவமைப்பு முறையியல் என்கிற துறையே வேண்டாம் என்கிற அளவுக்குப் போய்விட்டார். மேல்வயல் எனக்கு வெளியே, காலனி எனக்கு வெளியே, என் நான்கு ஏக்கர் மட்டும் உள்ளே என்று நான் வைத்திருந்ததும் ஒரு மரம்தான். ஆனால் அந்த வயல் மேல்வயலின் வடிகால், காலனியின் கரை, அந்த அம்மாவின் கூலி, புரமோட்டரின் 94 மனை, எல்லாமாக ஒரே நேரத்தில் இருந்தது.

கணினியால் இதெல்லாம் ஆகாது என்று சொல்கிற கூட்டத்தில் நான் இல்லை. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் மூவரும் சேர்ந்து 1974இல் கோலத்துக்கு இலக்கணம் எழுதினார்கள். கோலம் போடுகிற விதிகளை ஒரு மொழியின் விதிகள் மாதிரி எடுத்துக்கொண்டு, கொஞ்சம் விதிகளிலிருந்து முடிவில்லாமல் கோலங்களைப் பிறப்பிக்கிற முறை. சர்வதேசக் கணினி வரைகலை இதழில் வந்தது. ஜார்ஜ் ஸ்டைனியும் ஜேம்ஸ் கிப்ஸும் அமெரிக்காவில் வடிவ இலக்கணம் என்று ஆரம்பித்து, பிறகு அது கட்டடக்கலைப் பள்ளிகளில் பாடமானது அதே 70களில்தான். எங்களுக்கு ஸ்டைனி பாடமாக இருந்தார். தாம்பரம் பாடத்தில் இல்லை. கோலக் கட்டுரையை நான் படித்தது முப்பது வயதுக்கு மேல். படித்த சந்தோஷத்தில் அம்மாவிடம் விளக்கினேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரிடா, வாசல் ஓட்டம் பாத்து இல்ல புள்ளி வைக்கணும்” என்றார். வாசல் தெளிக்கும்போது தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு, ஈரம் நிற்கிற மூலையை விட்டுத்தான் அவர் முதல் புள்ளியை வைப்பார். நாற்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், கவனித்ததில்லை.

*

மழை விட்ட பிறகு லெவல் கருவியை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். செயற்கைக்கோள் இல்லை, ட்ரோன் இல்லை. ஸ்டாஃப் பிடிக்க ஒரு பையன். அந்த அம்மா கூட நடந்தார். எந்த வரப்பில் எந்த மாதம் மடை திறக்கும், எது சம்பாவுக்கு, எது தாளடிக்கு, எந்த வயல்காரருக்கும் எந்த வயல்காரருக்கும் பேச்சுவார்த்தை இல்லாததால் தண்ணீர் சுற்றிப் போகிறது, எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே வந்தார். மேல்வயலுக்கும் காலனித் தெருவுக்கும் நடுவே இருந்த மொத்த இறக்கம் முப்பத்தெட்டு சென்டிமீட்டர். அவ்வளவுதான். அதற்குள் ஐந்து வயல், ஆறு மடை.

கியூஜிஐஎஸ்ஸில் ஏற்றிப் பார்த்தேன். பழைய தண்ணீர்வழி மனைப்பிரிவின் நடுவே குறுக்காகப் போனது. அதைத் திறக்க வேண்டுமென்றால் ஐந்து மனை போகும், ஆறாவது மனையில் பாதி போகும். புரமோட்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். “தம்பி, எழுபது மனைக்கு மேல பத்திரம் ஆயிடுச்சு. இப்ப வந்து தண்ணி போவணுங்கிறீங்க. ஒங்க படத்துலயே இல்லையே அது?” அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. படத்தில் இல்லை. ஆறு மனையைக் கண்டுபிடித்த ராத்திரியில் நான் எவ்வளவு சந்தோஷமாகத் தூங்கினேன் என்பது எனக்கு ஞாபகம் இருந்தது.

சிமெண்ட் குழாய் பதிக்கலாம் என்று பேச்சு நடந்தது. பூங்காவுக்கு விட்ட இடம் வழியாகத் திருப்பலாம் என்றேன். அந்தப் பக்கம் பன்னிரண்டு சென்டிமீட்டர் மேடு. பேச்சு பேச்சாகவே இருந்தது. அடுத்த மழைக்காலம் வந்துவிட்டது.

இரண்டாம் மழையின் மூன்றாம் நாள் ராத்திரி யாரோ தார்ச்சாலையை வெட்டிவிட்டார்கள். காலையில் புரமோட்டர் போன் செய்தார், போலீஸில் புகார் கொடுப்பதற்குச் சேதத்தின் மதிப்பு வேண்டும், வந்து அளந்து எழுதிக் கொடுங்கள் என்று. போனேன். சாலையின் குறுக்கே மண்வெட்டியும் கடப்பாரையும் பட்ட தடம். கலங்கல் தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. காலனித் தெருவில் ஈரம் இருந்தது, தண்ணீர் இல்லை. அந்த அம்மா தூரத்தில் திண்ணையில் உட்கார்ந்திருந்தார், என்னைப் பார்த்தார், எழுந்து வரவில்லை.

வெட்டு 41ஆம் மனைக்கும் 42ஆம் மனைக்கும் நடுவே இருந்தது. என் கியூஜிஐஎஸ் கோட்டிலிருந்து அரை அடிகூட விலகவில்லை. டேப் பிடித்தேன்: அகலம் மூன்றேகால் அடி, ஆழம் இரண்டு அடி ஏழு அங்குலம். கிராவலைத் தாண்டிப் பழைய வயல் களிமண் வரைக்கும் வெட்டியிருந்தார்கள்.

மதிப்பீடு எழுதிக் கொடுக்க முடியாது என்று புரமோட்டரிடம் சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் அவர் எனக்கு வேலை தருவதில்லை. அன்று மாலை அலுவலகத்தில் உட்கார்ந்து மனைப்பிரிவு வரைபடத்தைத் திறந்து, அளந்து வந்த வெட்டை ஏற்றினேன். பிறகு அதை எல்லைக்கோட்டுக்கு வெளியே, கறுப்புக்குள், வடக்கே மேல்வயல் மடைவரைக்கும் தெற்கே காலனியைத் தாண்டிய வடிகால்வரைக்கும் நீட்டினேன். புதுக் கோட்டுக்குப் புது லேயர் வேண்டும், லேயருக்குப் பெயர் கேட்டது. ஊடறுத்துப் போன வாய்க்கால் என்று தட்டச்சு செய்தேன்.